பார்த்தால் தெரியாது, பயன்படுத்தினால் தெரியும்: இடைமுகங்களைச் சோதிக்கும் முறை

2000 நவம்பர் 7 அன்று நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலில், புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்து வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர்கள் இடப்பக்கமும் வலப்பக்கமுமாக அச்சாகியிருந்தன. துளையிட வேண்டிய இடங்கள் மட்டும் நடுவில் ஒரே வரிசையில் இருந்தன. இடப்பக்கத்தில் முதல் பெயர் ஜார்ஜ் புஷ், இரண்டாவது அல் கோர். ஆனால் நடுவரிசையின் இரண்டாவது துளை வலப்பக்கத்து முதல் பெயரான பேட் புக்கானனுக்கு உரியது. கோருக்கு வாக்களிக்க மூன்றாவது துளையைக் குத்த வேண்டும்.

அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் விழுந்தன. அதிபர் பதவிக்கு ஒன்றுக்கு மேற்பட்ட துளைகள் விழுந்ததால் ஏறத்தாழ 19,000 சீட்டுகள் செல்லாமல் போயின. மாநிலம் முழுவதற்குமாக புஷ் வென்ற வித்தியாசமோ 537 வாக்குகள். தபால் வாக்குச்சீட்டுகளில் இந்த இருபக்க அமைப்பு இல்லை. அவற்றில் புக்கானன் பெற்ற பங்கு, வாக்குச்சாவடியில் அவர் பெற்ற பங்கில் கால்வாசி அளவே. கோருக்குப் போட நினைத்த 2,000க்கும் அதிகமானோர் புக்கானனுக்குக் குத்திவிட்டார்கள் என்று 2001இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது.

சீட்டை வடிவமைத்தவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. முதியோர் நிறைந்த மாவட்டம் என்பதால் எழுத்து பெரிதாக இருக்கட்டும் என்றுதான் பெயர்களை இரண்டு பக்கமாகப் பிரித்தார்கள். மாதிரிச் சீட்டு தேர்தலுக்கு முன்பே வெளியானது. கட்சிக்காரர்கள் பார்த்தார்கள், யாரும் ஆட்சேபிக்கவில்லை. ஆற அமரப் பார்க்கிறவர் பெயர்களைப் படிக்கிறார். வாக்களிக்க வந்தவர் துளையைத் தேடுகிறார். முதலாமவர் கண்ணில் படாத குறை இரண்டாமவர் கையில் தட்டுப்படும். உங்கள் செயலியோ இணையதளமோ அந்த இரண்டாமவர் கையில் என்ன பாடுபடுகிறது என்று கண்டறியும் வழியை இந்த அத்தியாயத்தில் மூன்று சுற்றுகளாகப் பார்ப்போம்.

எதைச் சோதிக்கிறோம்?

பயன்பாட்டெளிமைக்கு ஐ.எஸ்.ஓ. 9241 தரநிலையின் 11ஆம் பகுதி ஒரு வரையறை தருகிறது. 1998இல் வெளிவந்து 2018இல் திருத்தப்பட்டது. அதன்படி கேட்க வேண்டியவை மூன்று: வேலை சரியாக முடிந்ததா? அதற்கு எவ்வளவு நேரமும் உழைப்பும் செலவாயின? செய்தவருக்கு மனநிறைவு உண்டா? இந்த மூன்றுக்கும் விடை, யார், எந்த வேலையை, எந்தச் சூழலில் செய்கிறார் என்பதைப் பொறுத்து மாறும் என்பதும் அந்த வரையறையிலேயே அடங்கியிருக்கிறது. எனவே “இந்தச் செயலி எளிதா?” என்ற கேள்விக்கு விடை கிடையாது.

மின்கட்டணம் கட்டும் செயலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க அதுவே நம் எடுத்துக்காட்டு. அலுவலக இடைவேளையில் கட்டணம் கட்டும் இளைஞர் ஒருவர். வெளியூரில் இருக்கும் மகனின் எண் பதிவாகியிருப்பதால், ஓடிபி வந்ததா என்று அவனுக்குப் போன் போட்டுக் கேட்கும் தாய் ஒருவர். கீழ்வீடு, மேல்வீடு, கடை என மூன்று இணைப்புகளுக்கு ஒரே கைபேசியில் கட்டும் வீட்டுக்காரர் ஒருவர். மூவருக்கும் திரை ஒன்றுதான், தடுக்கி விழும் இடங்கள் வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருவது. அரட்டைச் செயலியைப்போல இது தினமும் கைக்குப் பழகாது. போன முறை கற்றுக்கொண்டது இந்த முறை மறந்திருக்கும். ஆகவே இங்கே வேகத்தைவிட, இடைவெளி விட்டு வந்தாலும் வழி புலப்படுகிறதா என்பதே முக்கியம். சோதனையைத் தொடங்குமுன் ஒரு தாளில் எழுதுங்கள்: யார், என்ன வேலை, எங்கே, எவ்வளவு அடிக்கடி, தவறினால் என்ன நட்டம். இந்த ஐந்து வரி இல்லாமல் தொடங்கும் சோதனை, நிறம் நன்றாக இருக்கிறதா என்ற விவாதத்தில் போய் முடியும்.

முதல் சுற்று: விதிகளை வைத்து அலசுதல்

பயனர்களை அழைப்பதற்கு முன், பளிச்சென்று தெரியும் குறைகளை நீங்களே களைந்துவிடலாம். யேக்கப் நீல்சனும் ரோல்ஃப் மோலிக்கும் 1990இல் முன்வைத்த முறை இது. நீல்சன் 1994இல் செம்மைப்படுத்திய பத்துப் பொது விதிகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு திரையையும் அந்த விதிகளோடு ஒப்பிட்டு, எங்கே மீறல் என்று குறித்துக்கொண்டே போக வேண்டும்.

ஒருவர் மட்டும் அலசினால் போதாது. நீல்சன் தொகுத்த ஆய்வுகளில் தனியொரு மதிப்பீட்டாளர் கண்டுபிடித்தது சராசரியாக 35 சதவீதக் குறைகளைத்தான். மூன்று முதல் ஐந்து பேர் தனித்தனியாக அலசி, அதன்பிறகே குறிப்புகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கூடி உட்கார்ந்து அலசினால், முதலில் பேசியவரின் கண்ணே எல்லாருக்கும் கண்ணாகிவிடும்.

பத்து விதிகளில் நம் செயலியை அதிகம் பாதிக்கக்கூடியவற்றை விரித்துப் பார்ப்போம்.

*நிலவரம் தெரிய வேண்டும்.* பத்தில் முதல் விதி இதுவே. 1979 மார்ச் 28 அன்று அமெரிக்காவின் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்திருந்ததால், வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினார்கள். அந்த விளக்கு காட்டியது மூடச்சொல்லிக் கட்டளை போனதை மட்டுமே. வால்வின் உண்மையான நிலையை அது காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது, உலையின் மையப்பகுதி ஓரளவு உருகியது. நம் செயலியிலும் இதே கேள்வியைக் கேளுங்கள். “கோரிக்கை ஏற்கப்பட்டது” என்று திரை சொல்வது, கட்டளை போனதையா, பணம் மின்வாரியக் கணக்கில் சேர்ந்ததையா? கணக்கில் பணம் கழிந்து, ரசீது வராமல், திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மக்கள் செய்வது ஒன்றுதான்: மறுபடியும் கட்டுவார்கள்.

*மக்கள் புழங்கும் சொல் வேண்டும்.* பழைய மின்கட்டண அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு “சர்வீஸ் நம்பர்” என்று தேடுபவரிடம் “நுகர்வோர் அடையாளக் குறியீடு” என்று கேட்டால் விழிப்பார். பெட்டியின் பக்கத்தில் அட்டையின் மாதிரிப் படத்தைப் போட்டு, எண் இருக்கும் இடத்தை வட்டமிட்டுக் காட்டினால் சொல் தகராறே எழாது.

*நினைவில் வைக்கச் சொல்லாதே.* மூன்று இணைப்புள்ள வீட்டுக்காரருக்கு நீளமான எண்களை மட்டும் பட்டியலிட்டுக் காட்டினால், எது கடை, எது மேல்வீடு என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். பெயர் வைத்துச் சேமிக்கும் வசதியும், பணம் கட்டுமுன் இணைப்பின் பெயரையும் முகவரியையும் காட்டும் வழக்கமும் அடுத்தவர் கட்டணத்தைக் கட்டிவிடும் தவறைத் தடுக்கும்.

*பிழைச் செய்தி வழி சொல்ல வேண்டும்.* “பிழை நேர்ந்தது, பின்னர் முயலவும்” என்பது கைவிரிப்பு. என்ன நடந்தது, பணம் போனதா இல்லையா, இப்போது என்ன செய்யலாம் ஆகிய மூன்றையும் சொன்னால்தான் அது செய்தி.

தமிழ் இடைமுகத்துக்கென்று ஒரு சோதனை தனியாக உண்டு. ஆங்கிலச் சொல்லை அளந்து வரைந்த பொத்தானுக்குள் நம் சொற்கள் பெரும்பாலும் அடங்குவதில்லை. ஓரத்தில் வெட்டுப்படும், இல்லையென்றால் புள்ளி புள்ளியாக முடியும். வரி உயரம் போதாத இடத்தில் உகர ஊகாரக் குறிகள் அறுந்துவிடும். கைபேசியில் எழுத்தளவை மிகப் பெரிதாக வைத்துக்கொண்டு எல்லாத் திரையையும் ஒருமுறை புரட்டுங்கள். வெள்ளெழுத்துக்காரர்கள் பலர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு நண்பகல் வெயிலில் வெளியே போய் இன்னொருமுறை பாருங்கள்.

இரண்டாம் சுற்று: படிப்படியாக நடந்து பார்த்தல்

ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, முதன்முறை வருபவராக உங்களை நினைத்து, ஒவ்வொரு படியிலும் நின்று நான்கு கேள்விகள் கேட்பது இந்தச் சுற்று.

1. இப்போது செய்ய வேண்டியது இதுதான் என்று அவருக்குத் தோன்றுமா?
2. அதற்கான பொத்தான் கண்ணில் படுமா?
3. கண்ணில் பட்டாலும், தனக்கு வேண்டியது அதுதான் என்று புரியுமா?
4. அழுத்தியபின், வேலை முன்னே நகர்ந்தது என்று தெரியுமா?

நான்கில் ஒன்றுக்கு “இல்லை” என்று வந்தாலும் ஒரு குறை அகப்பட்டது என்று பொருள். காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

கடைசிப் படியைக் குறிப்பாகக் கவனியுங்கள். வந்த காரியம் முடிந்துவிட்டால் மனம் கிளம்பிவிடும். பணத்தை முதலில் தந்துவிட்டு அட்டையைப் பிறகு தரும் ஏடிஎம்மில் மக்கள் அட்டையை மறந்து போவது இதனால்தான். பணம் எடுக்க வந்தவருக்குப் பணம் கையில் கிடைத்ததும் வேலை தீர்ந்தது. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று வரிசையை மாற்றியபோது இந்த மறதிக்கு இடமில்லாமல் போனது. “அட்டையை மறவாதீர்” என்று எத்தனை அறிவிப்பு ஒட்டினாலும் வரிசை மாற்றம் தரும் பலனைத் தராது. நம் செயலியில் பணம் கட்டிய பிறகு “ரசீதைச் சேமிக்க” என்று ஒரு படி இருந்தால் பலர் அதைத் தாண்டிப் போவார்கள். ரசீது தானாகவே சேமிக்கப்பட்டுவிட்டால் அந்தப் படியே தேவையில்லை.

மூன்றாம் சுற்று: பயனரின் கையில் கொடுத்தல்

முதல் இரண்டு சுற்றும் ஊகங்கள். அவற்றைச் சரிபார்ப்பது இந்தச் சுற்றுதான்.

*எத்தனை பேர்?* நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் பல திட்டங்களின் தரவை ஆராய்ந்தபோது, ஒரு பயனர் வழியே சராசரியாக 31 சதவீதக் குறைகள் வெளிப்பட்டன. அந்தக் கணக்கில் ஐந்து பேரிடம் சோதித்தால் 85 சதவீதம் அளவுக்குக் குறைகள் வெளிவரும். “ஐந்து பேர் போதும்” என்ற பிரபலமான அறிவுரை இதிலிருந்து பிறந்தது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்ற வேண்டாம். லாரா ஃபாக்னர் 2003இல் 60 பேரைச் சோதித்து, அவர்களிலிருந்து ஐந்து ஐந்து பேராகக் குலுக்கி எடுத்துப் பார்த்தார். சராசரி 85 சதவீதம்தான் வந்தது, ஆனால் சில குழுக்கள் 55 சதவீதக் குறைகளையே கண்டிருந்தன. பத்துப் பேர் கொண்ட குழுக்களில் மிக மோசமானதே 80 சதவீதத்தைத் தொட்டது.

நடைமுறைக்கு ஏற்ற வழி: ஐந்து பேரைச் சோதியுங்கள், திருத்துங்கள், வேறு ஐந்து பேரைச் சோதியுங்கள். ஒரே மூச்சில் பதினைந்து பேரைச் சோதிப்பதைவிட ஐந்தைந்தாக மூன்று முறை சோதிப்பது நல்லது. பயனர்கள் வெவ்வேறு வகையினர் என்றால், வகைக்கு மூன்று நான்கு பேராவது வேண்டும். ஐந்து இளைஞர்களைச் சோதித்துவிட்டு, அந்தத் தாய்க்கும் சேர்த்துச் சோதித்ததாகக் கணக்குக் காட்ட முடியாது.

*யாரை அழைக்கக் கூடாது?* உங்கள் குழுவினரை, அவர்கள் குடும்பத்தினரை, செயலியை ஏற்கெனவே பார்த்தவர்களை. வந்தவர்களின் நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒரு தொகை கொடுங்கள். சோதனைக் கணக்கையும் பொய்ப் பணத்தையும் பயன்படுத்துங்கள். யாருடைய உண்மையான பின் நம்பரும் உங்கள் முன்னால் தட்டச்சாகக் கூடாது. திரையையோ குரலையோ பதிவு செய்வதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

*வேலையை எப்படிச் சொல்வது?* “விரைவுக் கட்டணம் என்ற பொத்தானை அழுத்தி இணைப்பைச் சேருங்கள்” என்றால் விடையைக் கையில் கொடுத்துவிட்டீர்கள். “உங்கள் மேல்வீட்டுக்குக் கரண்ட் பில் வந்திருக்கிறது. இன்றே கட்டிவிட்டு, கட்டியதற்கு அத்தாட்சியைக் குடியிருப்பவருக்கு அனுப்புங்கள்” என்று சொல்லுங்கள். திரையில் உள்ள எந்தச் சொல்லும் நீங்கள் சொல்லும் வாக்கியத்தில் வரக் கூடாது.

*என்ன பேசுவது?* நம் ஊரில், வீடு தேடி வந்தவரிடம் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பத்து நிமிடம் தடுமாறியவர்கூட “நல்லாத்தான் இருக்கு தம்பி, எனக்குத்தான் இதெல்லாம் பழக்கமில்ல” என்பார். இந்தப் பதில் எந்தச் செயலிக்கும் கிடைக்கும், எனவே எதையும் சொல்லாது. அதனால் தொடக்கத்திலேயே சொல்லுங்கள்: “அம்மா, நாங்க சோதிக்கிறது உங்கள இல்ல, இந்தச் செயலியத்தான். எங்க தடுமாறுறீங்களோ அங்க நாங்க சரியா செய்யலன்னு அர்த்தம். மனசுல ஓடுறத அப்படியே சத்தமா சொல்லிக்கிட்டே செய்யுங்க.” நினைப்பதை வாய்விட்டுச் சொல்லச் செய்யும் இந்த உத்தியை ஐபிஎம் நிறுவனத்தில் கிளேட்டன் லூயிஸ் 1982இல் இடைமுகச் சோதனைக்குக் கொண்டுவந்தார். அதற்குச் செலவு எதுவும் இல்லை.

பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். சோதனை நடத்துபவருக்கு மிகக் கடினமான பகுதி இதுதான். அவர் தவறான பொத்தானை நோக்கி விரலைக் கொண்டுபோகும்போது உங்கள் நாக்கு துடிக்கும். சொல்லாதீர்கள். “இத அழுத்தவா?” என்று கேட்டால், “நான் இல்லாம நீங்க தனியா இருந்தா என்ன செய்வீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். வீட்டில் வைத்துச் சோதித்தால் இன்னொரு தொல்லை உண்டு: தோளுக்குப் பின்னாலிருந்து “அந்தப் பச்சைய அமுக்கும்மா” என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்கு உரியவரை, இன்னொரு குழு உறுப்பினர் வாசலில் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுக்கட்டும். ஆனால் அந்தக் குரல் எந்தத் திரையில் வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். வீட்டார் வழக்கமாக உதவிக்கு வரும் இடம் அது.

*எதைக் குறித்துக்கொள்வது?* விரல் தயங்கிய இடம், திரும்பிப் போன திரை, இருமுறை அழுத்திய பொத்தான், சத்தமாகப் படித்தும் புரியாத சொல், “முடிஞ்சுது” என்று அவர் சொன்ன கணம். அப்போது வேலை உண்மையில் முடிந்திருந்ததா என்பதைத் தனியே குறியுங்கள். முடியாமலே முடிந்தது என்று நம்பிப் போவதுதான் இருப்பதிலேயே மோசமான தோல்வி. அவர் புகார் சொல்லமாட்டார், அபராதம் வந்த பிறகுதான் அவருக்கே தெரியும்.

எண்களைக் கையாளுதல்

ஐந்து பேரில் நான்கு பேர் முடித்தார்கள் என்றால், “80 சதவீத வெற்றி” என்று அறிக்கையில் எழுதாதீர்கள். இவ்வளவு சிறிய குழுவில் உண்மை விகிதம் ஏறத்தாழ 36 முதல் 98 சதவீதம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்கிறது புள்ளியியல். “ஐவரில் நால்வர்” என்றே எழுதுங்கள். சிறிய சோதனை குறை எங்கே இருக்கிறது என்று காட்டும். எத்தனை பேரை அது பாதிக்கும் என்று அளக்க பெரிய சோதனை வேண்டும்.

மனநிறைவை அளக்க, ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய எஸ்.யூ.எஸ். என்ற பத்து வாக்கியப் படிவம் உதவும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். ஒற்றைப்படை வாக்கியங்கள் பாராட்டாகவும் இரட்டைப்படை வாக்கியங்கள் குறையாகவும் இருக்கும். ஒற்றைப்படையில் மதிப்பெண்ணிலிருந்து 1 கழியுங்கள், இரட்டைப்படையில் 5இலிருந்து மதிப்பெண்ணைக் கழியுங்கள், கூட்டி 2.5ஆல் பெருக்குங்கள். ஒருவர் ஒற்றைப்படைக்கு 4, 4, 5, 3, 4 என்றும் இரட்டைப்படைக்கு 2, 1, 2, 3, 2 என்றும் தந்தால், 15உம் 15உம் சேர்ந்து 30, விடை 75. இது சதவீதம் அல்ல. நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் தொகுத்த ஜெஃப் சாரோ கண்ட சராசரி 68. அதற்குக் கீழே வந்தால் கவலைப்படலாம். எங்கே கவலைப்பட வேண்டும் என்பதை இந்த எண் சொல்லாது. அதற்கு உங்கள் குறிப்பேடுதான் வேண்டும்.

எதை முதலில் திருத்துவது?

மூன்று சுற்றும் முடிந்தால் பட்டியல் நீளமாக இருக்கும். ஒவ்வொரு குறைக்கும் 0 முதல் 4 வரை கடுமை எண் கொடுங்கள்: 0 குறையே இல்லை, 1 ஒப்பனைக் குறை, 2 சிறு குறை, 3 பெரிய குறை, 4 திருத்தாமல் வெளியிடவே கூடாதது. எண் கொடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். எத்தனை பேர் சிக்குகிறார்கள்? சிக்கியவர் மீள்வது எவ்வளவு கடினம்? ஒருமுறை பட்டால் அடுத்த முறை தப்பிவிடுவாரா, ஒவ்வொரு முறையும் சிக்குவாரா? இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறக்கும் செயலியில் பட்டறிவு தங்காது. அதனால் மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் “ஒவ்வொரு முறையும்” என்பதே பதில்.

அறிக்கை இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு குறைக்கும் நான்கு வரி: எந்தத் திரை, என்ன நடந்தது, ஐவரில் எத்தனை பேருக்கு, என்ன செய்யலாம். டெவலப்பர்களையும் மேலாளரையும் முடிந்தால் ஒரு சோதனைக்காவது அழைத்து, ஓரமாக உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாங்கள் கட்டிய திரையில் ஒருவர் ஐந்து நிமிடம் தவிப்பதை நேரில் பார்த்தவர், “அவங்களுக்குத்தான் தெரியல” என்று பிறகு வாதாடுவது அரிது.

இந்த வாரப் பயிற்சி

உங்கள் கைபேசியில் உள்ள, நீங்கள் உருவாக்காத ஒரு செயலியைத் தேர்ந்தெடுங்கள். அதில் பணமோ பதிவோ சம்பந்தப்பட்ட ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்களும் நண்பர் ஒருவரும் தனித்தனியாக அலசி, கண்ட குறைகளை எழுதி உறையில் இட்டு ஒட்டிவிடுங்கள். பின்னர் அந்தச் செயலியை இதுவரை தொடாத மூவரிடம், உங்கள் வயதுக்கு மிகவும் மூத்த ஒருவராவது அவர்களில் இருக்கும்படி பார்த்து, அதே வேலையைக் கொடுங்கள். பேசாமல் குறிப்பெடுங்கள்.

உறையைப் பிரித்து மூன்று பத்திகளில் எழுதுங்கள்: நீங்களும் கண்டு அவர்களும் சிக்கியவை, நீங்கள் கண்டும் அவர்கள் சிக்காதவை, நீங்கள் காணாமல் அவர்கள் சிக்கியவை. இரண்டாம் பத்தி, திருத்துவதற்கு நேரம் செலவிடாமல் ஒத்திவைக்கக்கூடிய பட்டியல். மூன்றாம் பத்தி, அலுவலகத்தில் எத்தனை கூட்டம் போட்டாலும் உங்களுக்குக் கிடைக்காத பட்டியல். அடுத்த அத்தியாயத்தில் திருத்த வேலையை அந்த மூன்றாம் பத்தியிலிருந்துதான் தொடங்குவோம். எழுதி வைத்துக்கொண்டு வாருங்கள்.